தப்பான இடத்தில் ஒரு 'இங்'

மேசை மேல் கிடந்த செல்போன் ஒரு முறை 'டிங்' என்று ஒலித்து அடங்கியது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் அதைக் கையில் எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

கடைசியில் எடுத்தது அந்தப் பெண்தான். போன் அவளுடையது. செய்தி வந்தது அவளுடைய அம்மாவின் எண்ணிலிருந்து. அம்மா காணாமல் போனது சனிக்கிழமை சாயந்திரம். இன்று திங்கள், மத்தியானம் மணி இரண்டு.

"மூணாவது மெசேஜ்," என்றாள். "'ஐ ஆம் பிலீவிங் யூ வில் நாட் கோ டு த போலீஸ்'."

"இங்கிலீஷ்ல மிரட்டினா எனக்குப் பயம் கொஞ்சம் லேட்டாதான் வருது மேடம்," என்றான் ரேடியோ. "அர்த்தம் சொன்னீங்கன்னா சேர்த்துப் பயந்துக்குவேன்."

அவனுக்கு ஒரு பேர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காரோட்டியாக வந்து துப்பறியும் வேலைக்கு உதவியாளராக ஆனவன். நாற்பது வயது. பயம் கூடினால் பேச்சும் கூடும். காலையிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

"'நீ போலீசுக்குப் போக மாட்டேன்னு நம்பறேன்'னு அர்த்தம் அண்ணா," என்றாள் அந்தப் பெண்.

ரேடியோ காதைப் பொத்திக்கொண்டான். "இதுக்கு அர்த்தம் கேக்காமலே இருந்திருக்கலாம்."

அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. அவர்தான் ஸ்டெனோ மேடம். கோர்ட்டில் முப்பது வருடம் சுருக்கெழுத்து எழுதிவிட்டுத் துப்பறிய வந்தவர். பழக்க தோஷம், இன்றைக்கும் எதிரில் யார் வாய் திறந்தாலும் அவர் பென்சில் நோட்டில் ஓட ஆரம்பித்துவிடும். அட்சரம் பிசகாது.

"இத உங்க அம்மா எழுதலைன்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டார்.

அந்தப் பெண் மேசையைக் காட்டினாள். அது அவள் அம்மா பாடம் நடத்தும் மேசை. மாடியில் ஒரே அறை, இருபது நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு. கீழே மெத்தைக் கடை. அங்கே பஞ்சு அடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. மேசை மேல், அட்டெண்டன்ஸ் நோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மூக்குக்கண்ணாடி.

"இது இல்லாம அம்மாவால போன்ல ஒரு எழுத்து படிக்க முடியாது மேடம். இத விட்டுட்டு மாடிப்படிகூட இறங்க மாட்டாங்க. அப்புறம் அந்த இங்கிலீஷ். 'ஐ பிலீவ்'னுதான் எழுதணும். 'ஐ ஆம் பிலீவிங்' தப்பு."

"ஒரு 'இங்'தானே கூட இருக்கு?" என்றான் ரேடியோ.

"அந்த 'இங்'குக்காக அம்மா இந்த ரூம்ல எவ்வளவு கத்தியிருக்காங்க தெரியுமாண்ணா! ஓடறது, எழுதறது எல்லாம் வேலை. இப்ப நடந்துட்டிருக்குன்னா 'இங்' போடலாம். நம்பறது, தெரியறது, வேணும்கறது எல்லாம் வேலை இல்ல. மனசுல அப்படியே இருக்கறது. அதுக்கு 'இங்' கிடையாது. அதோ பாருங்க."

பலகையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு பட்டியல் இருந்தது. நோ, வாண்ட், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், பிலாங் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சொல். கீழே தடித்த கோடு.

"நல்லவேளை, தமிழ்ல இந்த வம்பு இல்ல," என்றான் ரேடியோ.

"இருக்கு," என்றார் மேடம், நோட்டிலிருந்து தலை நிமிராமல். "'எனக்கு உன் வீடு தெரிஞ்சிட்டிருக்கு'ன்னு சொல்லுவியா?"

"சொன்னா என் பொண்டாட்டி என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவா."

"நீ யார்கிட்டயும் படிச்சு வரல. ஆனா அந்தத் தப்பு உன் வாயில வராது. முதல் ரெண்டு மெசேஜையும் படிம்மா."

"'ஐ ஆம் சேஃப். ஐ ஆம் நோயிங் வாட் ஐ டூ.' நான் பத்திரமா இருக்கேன், என்ன செய்யறேன்னு எனக்குத் தெரியும்னு. இது சனிக்கிழமை ராத்திரி. 'ஐ ஆம் வாண்டிங் சம் பீஸ். டோண்ட் சர்ச் ஃபார் மீ.' இது நேத்து. எனக்கு நிம்மதி வேணும், என்னைத் தேடாதேன்னு…"

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ரேடியோ நாற்காலியோடு அரை அடி பின்னால் நகர்ந்தான்.

வந்தவர் அந்த வகுப்பின் மேனேஜர். பாடம் நடத்துவது டீச்சர். ஆள் சேர்ப்பது, பரீட்சை வைப்பது, சான்றிதழ் கொடுப்பது எல்லாம் இவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த சட்டை, மெதுவான குரல். கையில் நான்கு தண்ணீர் பாட்டில்.

செய்தியைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"டீச்சர் எழுதினதே இல்ல இது. செத்தாலும் இப்படி எழுத மாட்டாங்க." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. மேடம், இப்படி எழுதறவர் எங்க கிளாஸ்ல ஒருத்தர்தான். எதைப் பார்த்தாலும் 'இங்' போடுவார். எல்லாரும் அவரை மிஸ்டர் இங்னுதான் கூப்பிடுவோம். வெல்டர். ஆள் கதவு அகலம் இருப்பார். வெள்ளிக்கிழமை டீச்சருக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டுப் போனார்."

"எதுக்காக வாக்குவாதம்?"

"எனக்குச் சரியாத் தெரியல மேடம். நான் அப்ப வெளியில இருந்தேன்."

அட்ரஸை எழுதிக் கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அப்பா மாதிரி குனிந்து சொன்னார்: "பயப்படாதம்மா. அம்மா மனசு திடமானவங்க. உடம்புதான் பாவம், தூக்கம் இல்லாம இருமிட்டே இருக்காங்க. வந்ததும் நல்ல டாக்டரா பார்த்துக் காட்டிடலாம். இந்தா, தண்ணி குடி."

மேடத்தின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா இங்கயே இருக்கட்டும்," என்றார் எழுந்தபடி. "அடுத்த மெசேஜ் வந்தா எனக்கு உடனே சொல்லணும். ரேடியோ, காரை எடு."

"கதவு அகலம்னு சொன்னாரே, ஒத்தைக் கதவா ரெட்டைக் கதவா?" என்று கேட்டுக்கொண்டே ரேடியோ படியிறங்கினான்.

ரெட்டைக் கதவுதான். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. நடுவில் கறுப்பு முகமூடி போட்ட ஒரு மலை குந்தி உட்கார்ந்து இரும்பு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. நெருப்புப்பொறி பூவாகக் கொட்டியது.

"இங்கிலீஷ் டீச்சர் விஷயமா வந்திருக்கோம்," என்றார் மேடம்.

பொறி நின்றது. முகமூடி மேலே போனது. அந்த ஆள் இரண்டு விநாடி பார்த்தான். பிறகு எழுந்து பின்பக்கம் ஓடினான்.

"பிடி!" என்றார் மேடம்.

"நானா?" என்று கேட்ட ரேடியோ, கேட்ட வேகத்திலேயே ஓடவும் செய்தான். கொட்டகைக்குப் பின்னால் மதில். அதற்கு மேல் வழியில்லை. வெல்டர் திரும்பி நின்றான். கையில் முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி இருந்தது. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

"அண்ணே, நான் சம்பளத்துக்கு ஓடறவன்," என்றான். "பிடிச்சாலும் பிடிக்காட்டியும் எனக்கு ஒரே சம்பளம். கம்பியை மட்டும் கீழ வெச்சிடுங்க."

கம்பி 'ணங்' என்று விழுந்தது. அந்த மலை அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டது.

"டீச்சர் போலீசுக்குச் சொல்லிட்டாங்களா?" என்று அழுதான் வெல்டர். "எனக்கு ரெண்டு பெண் குழந்தைங்க சார்."

மேடம் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. ஒன்றும் கேட்காமல் நோட்டையும் பென்சிலையும் அவனிடம் நீட்டினார்.

"'நான் உங்களை நம்பறேன்.' இத இங்கிலீஷ்ல எழுதுங்க."

வெல்டர் விழித்தான். பிறகு, நாக்கைத் துருத்திக்கொண்டு, சித்திரம் வரைகிற மாதிரி எழுதினான். மேடம் அதைப் படித்தார். "'ஐ பிலீவிங் யூ.'"

"பாத்தீங்களா, 'இங்'!" என்று துள்ளினான் ரேடியோ. "மாட்டிக்கிட்டான்."

"நடுவுல இருக்க வேண்டிய 'ஆம்' எங்க?"

ரேடியோ எட்டிப் பார்த்தான். 'ஆம்' இல்லை.

"'இங்' போட்டா கூடவே 'ஆம்' போடணும்கறது இவருக்குத் தெரியல," என்றார் மேடம். "மெசேஜ்ல மூணு இடத்துலயும் 'ஆம்' இருக்கு. முற்றுப்புள்ளி இருக்கு. மத்த சொல் எல்லாம் எழுத்துப் பிசகாம இருக்கு. முதல் மெசேஜ்ல 'ஐ டூ'ன்னு சரியாவே எழுதியிருக்கு. எல்லாம் தெரிஞ்ச ஒருத்தன், மூணே மூணு சொல்லுல மட்டும் தப்பு பண்றான். எந்த மூணு?"

ரேடியோ வாயைத் திறந்தான். நோயிங், வாண்டிங், பிலீவிங். சிவப்பு மை அவன் கண்ணுக்குள் வந்தது. நோ, வாண்ட், பிலீவ்.

"பலகையில இருக்கற அதே வரிசை," என்றான். குரல் கம்மிவிட்டது.

"தப்பு பண்றவன் பட்டியல் பார்த்துப் பண்ண மாட்டான். தப்பா எழுதத் தெரிஞ்சவன் வேலை இது. பழி இவர் மேல விழணும்னு எழுதினது." வெல்டரிடம் குனிந்தார். "வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?"

வெல்டர் மூக்கை உறிஞ்சினான். போன மாதம் நடந்த சான்றிதழ் பரீட்சைக்கு அவன் போகவே இல்லை. நீ வர வேண்டாம், உனக்குப் பதிலா எழுத ஆள் இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வெளிநாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைக்கும். டீச்சர் கையில் எப்படியோ அவன் பேப்பர் சிக்கிவிட்டது.

"'இதுல ஒரு 'இங்' கூட இடம் மாறல. நீ எழுதினது இல்ல இது'ன்னாங்க. எந்திரிச்சு ஓடிட்டேன். நாற்காலி அதுவா விழுந்தது. இன்னும் பத்துப் பேப்பர் அப்படி இருக்காம். திங்கக்கிழமை மேலிடத்துல கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்னாங்க."

"இத நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"மேனேஜர் சார்கிட்ட மட்டும்தான்."

மேடம் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"அந்த ஆள் பாப்பாகிட்ட சொன்னதப் படிக்கறேன், கேளு. 'உடம்புதான் பாவம், தூக்கம் இல்லாம இருமிட்டே இருக்காங்க.'"

"சரி. டீச்சருக்கு இருமல்."

"'இருமுவாங்க'ன்னு சொல்லியிருந்தா அது பழக்கம். 'இருமிட்டிருந்தாங்க'ன்னா போன வாரம். ரெண்டும் யார் வேணா சொல்லலாம். இவன் சொன்னது 'இருமிட்டே இருக்காங்க'. இப்ப. காணாமப் போனவங்க இப்ப இருமறது இவனுக்கு எப்படித் தெரியும்?"

ரேடியோ கார் சாவியைக் கையில் எடுத்தான்.

"மேடம்… பாப்பா அங்க தனியா…"

மேடம் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். ஸ்பீக்கரைப் போட்டார். மூன்று தடவை மணி அடித்த பிறகு அந்தப் பெண் எடுத்தாள்.

"நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லும்மா. அம்மாவுக்கு இருமல் உண்டா?"

"இல்லையே மேடம். அம்மா இருமினதே…" பேச்சு பாதியில் நின்றது. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

"அவர் பக்கத்துல இருக்காரா?"

"ஆமா."

"ஒண்ணும் காட்டிக்காத. கழிவறைக்குப் போறேன்னு சொல்லிட்டுத் தெருவுக்கு வந்துடு."

மறுபக்கம் ஒரு நீண்ட மூச்சு. பிறகு, பாடம் ஒப்பிக்கிற குரலில் அந்தப் பெண் சொன்னாள்: "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங், மேடம்."

போன் துண்டிக்கப்பட்டது.

"பட்டியல்ல நாலாவது சொல்," என்றார் மேடம். "வேணும்னே தப்பா சொல்றா. வெளியில வர வழியில்லைன்னு சொல்றா."

"மேடம், அந்தப் பாடம் அந்தாளுக்கும் தெரியுமே!"

மேடம் காரை நோக்கி ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி ரேடியோ பார்த்தது அதுவே முதல் தடவை. வெல்டர் மதில் ஓரம் உட்கார்ந்தபடியே இருந்தான்.

பதினைந்து நிமிட வழியை ரேடியோ எட்டு நிமிடத்தில் கடந்தான். வழியெல்லாம் மேடம் போலீசுக்குப் போன் போட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு வரும் கட்டத்தைப் பயம் தாண்டிவிட்டிருந்தது.

மாடி அறை காலி. தண்ணீர் பாட்டில் ஒன்று கவிழ்ந்து, மூடி உருண்டு கிடந்தது. நாற்காலிகளுக்கு நடுவே ஒற்றைச் செருப்பு.

"அவளுதுதான்," என்றார் மேடம்.

படியில் பாய்ந்து இறங்கினார்கள். கடைசிப் படியில் ரேடியோவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வரும்வரை இருமினான்.

"நீ ஏன் இருமற?"

"பஞ்சுத் தூசி மேடம். காத்து முழுக்க…" சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெத்தைக் கடைக்காரர் தலையெல்லாம் வெள்ளைப் பஞ்சோடு மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் காதருகே போய் மேடம் கத்தினார்: "பின்னாடி ரூம் இருக்கா?"

"இருக்கு! வாசல் பின்சந்துல! மாடி மேனேஜர் வாடகைக்கு எடுத்திருக்கார்! பழைய பெஞ்சு போட்டு வெச்சிருக்கார்!"

"மெஷினை நிறுத்துங்க!"

மெஷின் முனகி முனகி நின்றது. கடை முழுவதும் திடீரென்று அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கர் கர்ரென்று ஒரு பெண்ணின் இருமல் கேட்டது.

கடைக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா நான் இங்கயேதான் நிக்கறேனே!"

சந்து வழியாகச் சுற்றிப் போய் அந்த அறைக் கதவை உதைத்தது ரேடியோதான். கதவு திறந்தது, கால் பெருவிரல் வீங்கிவிட்டது. உள்ளே ஒரே ஒரு பல்பு. கூரை வரைக்கும் அடுக்கிய பெஞ்சுகள். அதன் அடியில் கை கட்டப்பட்டு, புடவையெல்லாம் பஞ்சு ஒட்டி டீச்சர் சாய்ந்துகிடந்தார். அவருக்கு முன்னால் மேனேஜர். இடது கையில் அந்தப் பெண்ணின் பின்னல். வலது கையில் மெத்தைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல், முழங்கை நீளம். அதன் நுனி அவள் கழுத்தருகே இருந்தது.

"கதவைச் சாத்துங்க," என்றார் மேனேஜர். அதே மெதுவான குரல். அதுதான் ரேடியோவைக் கதிகலங்க வைத்தது. "'ஐ அண்டர்ஸ்டாண்ட்'னு சொல்லத் தெரியாதவளா இவ? டீச்சர் மகளாச்சே. அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. டீச்சர், அந்தப் பதினொரு பேப்பர் எங்கன்னு கடைசித் தடவையா கேக்கறேன்."

டீச்சர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. கத்தரிக்கோல் இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

ரேடியோவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. அதைப் பிய்த்து எடுத்துப் பேசினான். என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சார், பேப்பர் என் கார்லதான் இருக்கு. பதினொண்ணும் இருக்கு. டிக்கியில. ஸ்டெப்னிக்கு அடியில. கொஞ்சம் கிரீஸ் பட்டிருக்கும், பரவாயில்லையா? வெல்டர்தான் கொடுத்தார். நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க. சாவி வேணுமா சார்? இந்தாங்க சாவி…"

அவன் சாவிக்கொத்தைத் தூக்கி எறிந்தான். மேனேஜரின் கண் ஒரு விநாடி அதன் பின்னால் போனது. டீச்சருக்கு அந்த ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. கட்டாத காலால் அடிப்பெஞ்சை ஓங்கி உதைத்தார். அடுக்கு சரிந்தது. மேல் பெஞ்சு மேனேஜரின் தோளில் இறங்கியது. கத்தரிக்கோல் தெறித்தது. அந்தப் பெண் திமிறிக்கொண்டு வந்து மேடத்தின் மேல் விழுந்தாள். ரேடியோ கைக்குக் கிடைத்த பஞ்சு மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி மேனேஜர் மேல் குப்புறப் பாய்ந்தான். போலீஸ் வந்து தூக்குகிற வரை கண்ணையும் திறக்கவில்லை, மூட்டையையும் விடவில்லை.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மகள் அம்மாவின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

"அடைச்சு வெச்சது சரி, சாட்சி இருக்கு," என்றார். "பரீட்சை விஷயம்தான் கஷ்டம். பேப்பர் எங்க டீச்சர்?"

"சனிக்கிழமை காலையிலயே பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன் சார்," என்றார் டீச்சர், இருமலுக்கு நடுவில். "திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்க எனக்கே பயமா இருந்தது. அவன்கிட்ட சொல்லல. சொன்னா அப்புறம் என்னை உயிரோட வெச்சிருக்க அவனுக்குக் காரணமே இல்லையே."

மேடமே ஒரு கணம் பென்சிலை நிறுத்திவிட்டார்.

"பேப்பர் மட்டும் போதாது," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் எழுதலைன்னு அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தராவது வாயால சொல்லணும். யார் சொல்லுவாங்க? சொன்னா சான்றிதழும் போகும், வேலையும் போகும்."

"நான் சொல்றேன் சார்."

கூட்டம் விலகியது. வெல்டர் நின்றிருந்தான். நெற்றியில் ஏற்றிவிட்ட முகமூடியைக் கழற்றக்கூட மறந்து வண்டியில் வந்திருந்தான்.

டீச்சர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "உன் வெளிநாட்டு வேலை போயிடும்பா. உன் மேலயும் கேஸ் வரும்."

"தெரியும் டீச்சர்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்டினார். வெல்டர் நகரவில்லை. அந்தக் கதவு அகல உடம்பு நிற்கிற இடத்தில் நடுங்குவதை ரேடியோ பார்த்தான். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனான்.

"பயமா இருக்காண்ணே?"

"இருக்கு."

"எனக்கும்தான். இன்னும் முழங்கால் ஆட்டம் நிக்கல. பேசாம வாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுவோம்."

வெல்டர் கை கொடுத்தான். அந்தப் பெரிய கையைப் பிடித்துக்கொண்டு ரேடியோ முதலில் ஜீப்பில் ஏறினான்.